புராஸ்டேட் புற்றுநோய்: அவசரமும் வேண்டா, அசட்டையும் வேண்டா



வயது முதிர்ந்த ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றி, அதிலும் அதன் ஆபத்துக் குறைந்த வகையைப் பற்றி, இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். புற்றுநோய் என்னும் சொல் செவியில் விழுந்தவுடன், அதனை உடனே வெட்டி அகற்றிவிட வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். நமது மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களில் அச்சொல்லைக் கேட்டதும் நகை அடகுக்குப் போவதுண்டு. 'எல்லாம் தலைவிதி' என்று வைத்தியத்தையே கைவிடுவதும் உண்டு. நான் இன்று குறிப்பிடும் வகையைப் பொறுத்தமட்டில், அந்த அவசரமும் பிழை, இந்த அசட்டையும் பிழை.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உரிய ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து, கொட்டைப்பாக்கிலும் சற்றுப் பெரிதாக அமைந்திருப்பது. வயது ஏற ஏற இது பெருத்துச் சிறுநீர்ப் போக்கைத் தடுக்கலாம். இரவில் பன்முறை எழுந்து செல்வோரிற் பலருக்குக் காரணம் இந்தச் சாதாரணப் பெருக்கமே, புற்றுநோயன்று. தொடக்க நிலையிலுள்ள புற்றுநோயோ பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. பீ. எஸ். ஏ. எனப்படும் இரத்தச் சோதனை ஐயத்தை எழுப்புகிறது. சுரப்பியிலிருந்து சிறு துணுக்குகளை ஊசியால் எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் இழையச் சோதனையே முடிவைச் சொல்கிறது.

அம்முடிவில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பீ. எஸ். ஏ. அளவு 10க்குக் குறைவாக உள்ளதா என்பது. இரண்டாவது, 1966ஆம் ஆண்டில் அமெரிக்க நோயியல் அறிஞர் டொனால்ட் கிளீசன் வகுத்த முறைப்படி கிடைக்கும் எண். இக்காலத்தில் அது 6 முதல் 10 வரை குறிக்கப்படுகிறது. 6 என்பது மிகச் சாதுவானது. மூன்றாவது, நோய் சுரப்பிக்குள்ளேயே சிறிய அளவில் அடங்கியிருக்கிறதா என்பது. இம்மூன்றும் சாதகமாக இருப்பின் அதனை ஆபத்துக் குறைந்த நோய் என்கிறார்கள். இத்தகையோர் வாரக் கணக்கில், ஏன், மாதக் கணக்கிலும் நிதானமாக யோசித்து முடிவு செய்யலாம்.

அவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. சத்திரசிகிச்சையால் சுரப்பியை அகற்றுவது ஒன்று. கதிர்வீச்சினால் நோயை அழிப்பது மற்றொன்று. சிகிச்சையை இப்போது தொடங்காமல், ஒழுங்கான சோதனைகளால் நோயைக் கண்காணித்து, அது வளர்வதாகத் தெரிந்தால் மட்டுமே சிகிச்சைக்குச் செல்வது மூன்றாவது.

'நோயை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?' என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை காணும்பொருட்டு பிரித்தானியாவில் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. 50 முதல் 69 வயது வரையான 1,643 ஆண்கள் இம்மூன்று வழிகளிலும் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆபத்துக் குறைந்த வகையினர். 15 ஆண்டுகளின் விளைவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அக்காலத்துள் எல்லாக் காரணங்களாலும் இறந்தோர் 356 பேர். புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தோர் 45 பேர் மாத்திரமே. கண்காணிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேரும், சத்திரசிகிச்சை செய்தவர்களில் 2 பேரும், கதிர்வீச்சுப் பெற்றவர்களில் 3 பேரும் இந்நோயால் மாண்டனர். வேறுபாடு அற்பமே.

ஆயினும் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. நோய் உடலின் வேறிடங்களுக்குப் பரவியோர், கண்காணிப்புப் பிரிவில் நூற்றுக்கு 9 பேர். ஏனைய இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ 5 பேர். கண்காணிப்பைத் தொடங்கியோரில் 100க்கு 61 பேர் பிற்காலத்தில் சத்திரசிகிச்சையையோ கதிர்வீச்சையோ நாடினர். ஏறக்குறைய நாலில் ஒருவர் 15 ஆண்டுகளின் பின்னும் எவ்வித சிகிச்சையுமின்றி உயிர் வாழ்ந்தார். ஆகவே கண்காணிப்பு என்பது சிகிச்சையை மறுப்பதன்று. தேவைப்படும் நாள் வரை அதனைத் தள்ளி வைப்பது.

தள்ளி வைப்பதால் வரும் நன்மை யாது? சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சிறுநீர் தம்மை அறியாமல் கசியும். மேற்படி ஆய்விலே, 7 முதல் 12 ஆண்டுகளின் பின்னும், அறுவை செய்தோரில் நூற்றுக்கு 24 பேர் வரை துணி அணையாடை அணிய வேண்டியிருந்தது. கண்காணிப்பில் இருந்தோரில் 11 பேர் வரைக்குமே அந்நிலை. தாம்பத்திய வாழ்வுக்குரிய ஆற்றலும் குறையலாம். கதிர்வீச்சினாலோ மலக்குடலில் தொல்லை உண்டாகலாம். இவற்றை நம் மலைச்சாரலில் வைத்து எண்ணிப் பாருங்கள். லயத்துக்கு வெளியே சற்றுத் தூரத்தில் மலசலகூடம், மழையும் குளிரும், செங்குத்தான மலையில் முள்ளுக்குத்தும் கவ்வாத்தும். நகரத்தில் சிறு தொல்லையாகத் தோன்றுவது இங்கே ஒருவரின் பிழைப்பையும் மானத்தையும் தொடுகின்ற விஷயமாகி விடுகிறது. கதிர்வீச்சுக்கோ பல வாரங்கள், வாரத்தில் ஐந்து நாட்கள், கண்டிக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டும். அரசாங்க வைத்தியம் இலவசமே; ஆனால் தங்குமிடமும் இழக்கும் நாட்சம்பளமும் இலவசமல்ல.

இனி, கண்காணிப்பின் விலையையும் கேளுங்கள். தேயிலையின் கொப்புள நோய் 1946ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. மழையையும் வெயிலையும் கணக்கிட்டு, வேண்டிய வேளையில் மருந்து தெளிப்பதே தோட்டங்களில் வழக்கமாயிற்று. கணக்குப் பார்ப்பவர் இரண்டு வாரம் உறங்கிவிட்டால் கொழுந்து அழியும். இந்நோயும் அதைப் போன்றதே. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பீ. எஸ். ஏ. சோதனை, ஆண்டுதோறும் வைத்தியரின் பரிசோதனை, ஓர் ஆண்டளவிலும் பின்னர் இடைவெளி விட்டும் மீண்டும் இழையச் சோதனை, வசதியுள்ள இடத்தில் எம். ஆர். ஐ. படம் ஆகியவை வேண்டும். ஒரு நாள் பேர் போகிறதே என்று தவணையைத் தவறவிடுபவருக்கு இது கண்காணிப்பன்று, கைவிடுதல். தம்மால் இந்த ஒழுங்கைக் காக்க இயலாது என்று உணர்பவர், அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி வேறு வழியைத் தேர்வதே அறிவுடைமை.

எல்லோருக்கும் ஒரே விடை பொருந்தாது. எழுபத்தெட்டு வயதில், இருதய நோயும் சலரோகமும் உள்ள பெரியவர் ஒருவருக்கு இப்புற்றுநோய் தொல்லை தருமுன் ஏனைய நோய்களே ஆயுளைத் தீர்மானிக்கலாம். அவருக்கு அறுவையால் பயன் குறைவு. ஐம்பத்தைந்து வயதுத் திடகாத்திரருக்கோ இன்னும் பல்லாண்டுகள் உள்ளன. தகப்பனோ அண்ணனோ இந்நோயால் மாண்டிருந்தால் அவர் இன்னும் கூர்ந்து யோசிக்க வேண்டும். 'அப்பா, கொழும்புக்குப் போய் எடுத்துப்போட்டு விடுவோம்' என்று பிள்ளைகள் அன்பினால் அவசரப்படுத்துவார்கள். அந்த அன்பைப் போற்றுவோம்; முடிவு மட்டும் அப்பாவினுடையதாக இருக்கட்டும்.

வைத்தியரைக் காணச் செல்லும்போது மனைவியையோ வாசிக்கத் தெரிந்த ஒருவரையோ உடனழைத்துச் செல்லுங்கள். இல்லற வாழ்வைத் தொடும் விஷயத்தை மனைவியிடம் மறைப்பது தகாது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். பேச்சு சிங்களத்தில் நடக்கலாம். 'ஐயா, தமிழில் விளக்க யாராவது உண்டா?' என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். கிளீசன் எண் என்ன, பீ. எஸ். ஏ. எவ்வளவு, நோய் எங்கே உள்ளது, என் வயதுக்கும் உடல்நிலைக்கும் எது ஏற்றது, அடுத்த சோதனை எப்போது, அதனை அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே செய்யலாமா என்பவற்றைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அக்கொப்பியைப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் போலப் பேணுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நான் கூறியவை யாவும் ஆபத்துக் குறைந்தது என்று சோதனையால் உறுதியானவர்களுக்கே பொருந்தும். சிறுநீரில் இரத்தம், ஓயாத முதுகெலும்பு வலி, காரணமற்ற மெலிவு ஆகியவை கண்டோரும், கிளீசன் எண் உயர்ந்தோரும் ஒரு நாளேனும் தாமதிக்கலாகாது. ஏனையோர் தமக்குக் கிடைத்துள்ள அவகாசத்தை அச்சத்தில் கழிக்காமல், கேட்டறிந்து முடிவெடுப்பதிற் செலவிடுவார்களாக.