சிறு விமானம் மண் நீங்கும் வேளை



விடுமுறை நாட்களில் நகர்ப்புறத் திடல்களில், வானொலி அலைகளால் இயங்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் அன்பர்களை நீங்கள் கண்டிருக்கலாம். மாலைதோறும் அமர்ந்து, பால்சா மரச் சட்டங்களை ஒட்டி, பல மாதங்களில் நாமும் அத்தகைய விமானம் ஒன்றை உருவாக்கினோம். முதல் ஓட்டத்திலேயே அது இடப்புறம் சாய்ந்து வீழ்ந்து நொறுங்கியது. உடன் உழைத்த மகன் ஒன்றும் பேசாமல் இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கினான். பிழை விமானத்தில் இல்லை. நம் அவசரத்தில் இருந்தது.

விமானத்தை உயர்த்துவது நம் கைவிரல் அன்று. இறக்கையைத் தழுவி ஓடும் காற்றே. ஆகவே காற்றை எதிர்நோக்கியே ஓட்டத்தைத் தொடங்குதல் வேண்டும். எதிர்காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் வீசுமாயின், நிலத்தின்மீது அவ்வளவு குறைந்த வேகத்திலேயே விமானம் எழும். 1903 டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்ததும் கடும் எதிர்காற்றை நோக்கியே.

அடுத்தது விசை. அதனை ஒரேயடியாக முடுக்காமல், இரண்டு மூன்று நொடிகளில் படிப்படியாகக் கூட்டுதல் நலம். பின்னின்று நோக்க வலஞ்சுழியாகச் சுழலும் விசிறி, காற்றையும் சுழற்றிப் பின்னே தள்ளுகிறது. அக்காற்று வாலின் செங்குத்துப் பலகையில் இடப்புறமாக மோதுவதால், விமானத்தின் மூக்கு இடப்புறம் திரும்புகிறது. இதற்கு மாற்று, சுக்கானைச் சிறிதளவு வலப்புறம் திருப்புவதே. திரும்பிய பின் திருத்துவதைவிட, திரும்பத் தொடங்கும்போதே திருத்துவது எளிது.

வால் சக்கரமுள்ள விமானமாயின், தொடக்கத்தில் உயர்த்திப் பலகையை இயக்கும் கோலைச் சற்றுப் பின்னிழுத்துப் பிடித்தால், அச்சக்கரம் மண்ணைப் பற்றி நேர்வழி காட்டும். வேகம் ஏறியதும் பிடியைத் தளர்த்த, வால் தானே எழும். இனிச் செய்யவேண்டுவது காத்திருத்தல். நாம் தவறியது இங்கேதான். வேகம் போதாத நிலையில் கோலை வலிந்து இழுத்தால் விமானம் துள்ளி எழும். ஆயினும் காற்று இறக்கையைத் தழுவாது பிரிந்துவிட, ஒரு பக்கம் சரிந்து வீழும். போதிய வேகத்தில் மெல்ல இழுத்தாலே அது எழும். எழுந்த பின்னும் மூக்கைச் செங்குத்தாக உயர்த்தாமல், போதிய உயரம் எய்தும்வரை திருப்பாமல், நேராகவும் சாய்வாகவும் ஏறவிடுதல் வேண்டும். இடையே பொறி நின்றால் திரும்பி வர முயலாமல், எதிரேயுள்ள வெளியிலேயே இறக்குவது அறிவுடைமை.

மற்றொன்று. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் தழுவுவன. புதிய ஊரில் குடியேறிய நாம், அங்கு எந்த வான்பகுதி தடையுற்றது என்பதை அரசின் வரைபடத்தில் கண்டு தெளிந்த பின்னரே திடலுக்குச் செல்வோமாக.

இரண்டாவது விமானத்தை மகனே இயக்கினான். இழுக்கும்படி நாம் சொல்ல வாயெடுத்தபோது, "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் அப்பா" என்றான். ஓடியது; பின்னர், எப்பொழுது மண் நீங்கியது என்று தெரியாவண்ணம் எழுந்தது.