மஞ்சப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு

கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே மேலே அருவிக்கரையில் வீசிய பிளாஸ்டிக் பை மேலேயே கிடந்துவிடாது. ஓடை அதையும் இழுத்து வரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனால் துணிப்பை மட்டும் யோக்கியமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், ஆலைக்கு மின்சாரம் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 ஆய்வுப்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு ஈடாக, ஒரு பருத்திப்பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் இருமுறை கடைக்குப் போனால் ஒன்றேகால் ஆண்டு! பையை வாங்குவதில் இல்லை புண்ணியம், அதையே மறக்காமல் எடுத்துப் போவதில் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் சேரும் தாம்பூலப் பைகளை அலமாரியில் அடுக்கிவைத்தால் நட்டம்தான். கிழிந்த வேட்டியில் தைத்த பைக்கோ புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை.

பால் பாக்கெட்டே பிளாஸ்டிக்கில்தானே வருகிறது, நம் பையால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. பால் உறைக்கு 2019 தடையில் விலக்கு கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்த உறை சற்றுத் தடிமன். கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்குவார்கள். மெல்லிய கேரி பேக்கை யார் வாங்குவார்? பால் உறையின் முனையை மட்டும் தனியே நறுக்கி எறியாதீர்கள். அந்தத் துண்டு எந்த எடைக்கும் வராமல் சாக்கடைக்குத்தான் போகும்.