ஒரே பள்ளிக்கூடம், ரெண்டு ஓய்வூதியமா?

தஞ்சாவூரில் நடந்த கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் நமது மாவட்டக் குழுத் தோழர் 2025-ல் ஆற்றிய உரையிலிருந்து...



2003 மார்ச் 31 அன்னைக்கு ஒரு ஆசிரியர் வேலையில சேர்ந்தார்னு வைங்க. மறுநாள் ஏப்ரல் 1, இன்னொருத்தர் சேர்ந்தார். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம். முதல் ஆளுக்கு முழு சர்வீஸ் முடிச்சா கடைசிச் சம்பளத்துல பாதி, மாசா மாசம் வரும். அகவிலைப்படி ஏறினா அதுவும் ஏறும். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்துக்கும் ஓய்வூதியம் உண்டு.

ரெண்டாவது ஆளுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம். சம்பளத்துல 10 சதவீதம் பிடிச்சாங்க, அரசு 10 சதவீதம் போட்டுச்சு. ஓய்வு பெறும்போது மொத்தமா ஒரு தொகை, அதோட கணக்கு முடிஞ்சுது. மாச ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூட கிடையாது! இதுக்குப் பேரு ஓய்வூதியத் திட்டமாம்.

அதே 2003 ஜூலையில உரிமை கேட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. ஒரே வீச்சுல சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஜெயலலிதா அரசு டிஸ்மிஸ் செய்தது. தோழர் டி.கே.ரங்கராஜன் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த நாட்களை மறந்தவங்க இந்தக் கூட்டத்துல யாரும் இருக்க மாட்டீங்க.

தேதியை வச்சு மனுஷங்களைப் பிரிக்கிறது புதுசு இல்லை. 1982 நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? ஓய்வூதியம் பிச்சையும் இல்லை, அரசோட கருணையும் இல்லை, உழைச்சவரோட உரிமை. ஓய்வு பெற்ற தேதியை வச்சு ஓய்வூதியர்களைக் கூறு போட்டதை அரசியல் சட்டம் 14-வது பிரிவின்படி ரத்து செய்தது. அது வேலையில சேர்ந்த தேதி பற்றிய வழக்கு இல்லைதான். ஆனா அதுல இருக்கிற நியாயம் நமக்கும் பொருந்தும்.

பெண்களுக்குச் சொத்துரிமை தந்த 1989 தமிழ்நாட்டுச் சட்டத்தை நாம வரவேற்றோம். அதுலயும் ஒரு தேதி இருந்தது. 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆன மகளுக்குப் பங்கு இல்லை. இந்த டெல்டாவில எத்தனை அக்கா, தங்கச்சிங்க ஒரு குழி நிலம்கூட இல்லாம நின்னாங்க! 2005-ல மத்திய சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அந்தக் கோடு அழிஞ்சுது.

இடைநிலை ஆசிரியர்களைப் பாருங்க. 2009 மே 31-க்குள்ள சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு 5,200. கரும்பலகை ஒண்ணு, பிள்ளைங்க ஒண்ணு, கூலி மட்டும் வேறயா?

பின்வரிசையில நடவுக்குப் போற தாய்மார்கள் இருக்கீங்க. "வாத்தியாருக்குப் பாதிச் சம்பளம், எனக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்தானே" என்று உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்விதான். ஆனா வாத்தியாரோடதைப் பிடுங்கினதால உங்க 1,200 ஏறிச்சா? இல்லையே! மேலே இருக்கிற உரிமையை வெட்டினா, கீழே இருக்கிறவங்க கேட்கிறதுக்கு அளவுகோலே இல்லாமப் போயிடும். உங்க உதவித்தொகையை உயர்த்தணும்னு கேட்கிறதும் இதே மேடைதான்.

கஜானாவுல பணம் இல்லைன்னு சொல்றாங்க. மேற்கு வங்கம் பழைய திட்டத்தைக் கைவிடவே இல்லை. இமாச்சலப் பிரதேசம் 2023-ல அதுக்கே திரும்புச்சு. சுமை இல்லைன்னு நாங்க சொல்லலை. யார் தலையில அந்தச் சுமையை வைக்கிறீங்க என்பதுதான் கேள்வி.

2021 தேர்தல் அறிக்கையில தி.மு.க. பழைய ஓய்வூதியத்தைக் கொண்டு வருவோம்னு சொன்னது. 2025 பிப்ரவரியில ககன்தீப் சிங் பேடி தலைமையில குழு போட்டிருக்காங்க. குழு ஆராயட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஆராய்ச்சி முடியறதுக்குள்ள ஆசிரியர்கள் வெறுங்கையோட ஓய்வு பெற்றுக்கிட்டே இருக்காங்க.

மேட்டூர்ல ஜூன் 12-ந் தேதி தண்ணி திறந்தாலும், கடைமடைக்கு வந்து சேர்ந்தாத்தான் நமக்குக் குறுவை. அறிவிப்பும் அப்படித்தான். கடைசி ஆசிரியர் கைக்கு வந்து சேரணும். அதுவரைக்கும் நாம கலைய மாட்டோம்.



#பழைய_ஓய்வூதியம் #சமவேலைக்கு_சமஊதியம் #தஞ்சாவூர்