நாவும் நடையும் ஊரிலேயே

(யாழ்ப்பாணத்துக் கிராமச் சனசமூக நிலையமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



அரசியற் கூட்டமென்று எண்ணி வந்தோர் சிறிது ஏமாற்றமடையக்கூடும். பேசாத பிள்ளைகளைப் பற்றியும் நடவாத பிள்ளைகளைப் பற்றியுமே இன்று பேச வந்தோம். இஃது அரசியலா அன்றா என்பதைக் கேட்டபின் நீங்களே தீர்மானியுங்கள்.

சென்ற மாதம் தோட்டக்காரர் ஒருவர் மூன்று பரப்புச் செம்பாட்டுக் காணியை ஈடு வைக்க உறுதி எழுதவேண்டுமென்று எமது அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு நான்கு வயது. வாய் திறந்து ஒரு சொல் இல்லை. "தகப்பனும் பிந்தித்தான் பேசினவன், நேரம் வந்தால் பேசும்" என்று கிழவிமார் சொல்ல ஓராண்டு போயிற்று. சாதகமும் நேர்த்திக்கடனுமாக இன்னும் பல மாதங்கள் போயின. பின்னர்ப் பட்டணத்திலே ஓரிடத்தில் வாரமொருமுறை பணங்கட்டினார். பிள்ளையை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்களாம். உள்ளே நடந்தது யாது, வீட்டிலே செய்யவேண்டியது யாது என்று தாய்க்கு எவரும் சொல்லவில்லை. பேசாத பிள்ளைக்கு முதலிற் செய்யவேண்டியது செவிப் பரிசோதனை, அதுகூட நடக்கவில்லை. இப்பொழுது கொழும்புக்குப் போவதற்காகக் காணி ஈட்டுக்கு வருகிறது.

எம்மவரிடம் இரக்கம் இல்லாமலில்லை. கைதடியிலே நஃபீல்ட் பாடசாலை 1956 முதல் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி ஊட்டிவருகிறது. கோண்டாவிலிலே சிவபூமிப் பாடசாலை 2004இல் எழுந்தது. இவை பள்ளிக்கூடங்கள். பள்ளி வயதுக்கு முன்னரே, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவேண்டிய இரண்டு வயதிலேயே, வீட்டுக்கு அண்மையிற் கைகொடுப்பார் வேண்டும். பேச்சுச் சிகிச்சையும் இயன்மருத்துவமும் தொழில்வழிச் சிகிச்சையும் ஒரு நாளிலே முடியும் காரியங்களல்ல. வாரந்தோறும், மாதக்கணக்காக நடக்கவேண்டியவை. மூன்று பேருந்து ஏறி இறங்கவேண்டிய தாய் நான்காம் வாரம் நின்றுவிடுகிறாள். அவளைக் குறைகூற எமக்கு உரிமையில்லை.

ஆதலால் இதனை ஊரிலே ஒரு தொழிலாகவே நிறுவவேண்டும் என்கிறோம். தொழில் என்றதும் முகஞ்சுழிக்கும் பெரியோர் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்! தருமப் பணத்திற் கட்டிடம் எழும்பும். திறப்புவிழாவும் பெயர்க்கல்லும் குறைவின்றி நடக்கும். ஆறாம் மாதம் சிகிச்சையாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரின் காசு நாற்காலி வாங்க உதவட்டும். சம்பளம் ஊரின் கட்டணத்தாலும் பங்காலுமே நிலைக்கவேண்டும்.

இதற்கு வழி எமக்குத் தெரியாததன்று. 1930களிலே மூளாயார் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நிறுவினர். அரசினர் தருவாரென்று அவர்கள் காத்திருக்கவில்லை. பெரிய மண்டபம் இங்கு வேண்டாம். இந்தச் சனசமூக நிலையத்தின் முன்னறை, ஒரு பாய், ஒரு கண்ணாடி, நடைபழகும் கம்பி. இவற்றோடு வாரத்தில் இரண்டு நாள் தொடங்கலாம். அடுத்த ஊரும் சேர்ந்தால் நான்கு நாளாகும். அப்பொழுதே ஒரு சிகிச்சையாளருக்கு முழுச் சம்பளம் கட்டுப்படியாகும். வெங்காயம் விலைப்பட்டபின் கட்டணம் செலுத்தத் தோட்டக்காரருக்குத் தவணை கொடுங்கள். புகையிலை நடும் நாட்களில் வரவு குறையுமென்பதையும் முன்கூட்டியே கணக்கிலே எழுதிவையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், கதவைச் சாத்தக்கூடாது. தாயும் உள்ளேயிருந்து பழகவேண்டும். 1978இன் அல்மா ஆட்டா பிரகடனத்துக்குப்பின் உலக சுகாதார நிறுவனம் வளர்த்த சமூகமட்டப் புனர்வாழ்வு முறையிலும் வீட்டாரைப் பயிற்றுதலே உயிர்நாடி.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்படவேண்டுமென்பது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். பதிவில்லா இடத்திலும், "மூன்று மாதத்திற் குணம்" என்று வாக்குக் கொடுப்பவரிடமும் பிள்ளையை ஒப்படையாதீர்கள். வலுவின்மையைக் காரணங்காட்டிப் பாடசாலை அனுமதியிற் பாகுபாடு செய்தல் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்கு மாறானது. மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அந்த மனுவை எழுத நாம் பணம் வாங்கமாட்டோம்.

இனி மொழி. பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே நடைபெறுகிறது. படித்துவரும் தமிழ்ப் பிள்ளைகள் வேண்டும். தமிழிலேயே சோதனைகளும் படங்களும் வேண்டும். பனிமனிதன் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் எங்கள் குழந்தை விழிக்கும். பனங்காயைக் காட்டுங்கள், கிடுகைக் காட்டுங்கள். ழகரத்தை ளகரமாக ஒலித்தலோ எமது ஊர்ப் பேச்சிலே பெரியவர்களிடமும் உண்டு. (மேடையிற் பேசுவோர் சிலரிடமும் உண்டு, பெயர் சொல்லமாட்டோம்.) அதனைக் குழந்தையின் குறையென்று பதிவேட்டில் எழுதும் அந்நியத்தைத் தடுக்க, எமது மொழியை அறிந்தவரே அந்த அறையில் இருக்கவேண்டும். ஒரு பிள்ளை தாய்மொழியிலே முதற்சொல்லைச் சொல்லும் உரிமையைவிட அடிப்படையான மொழியுரிமை எதுவென்று எமக்குத் தெரியவில்லை.

அந்தத் தோட்டக்காரரின் ஈட்டுறுதியை நாம் இன்னும் எழுதவில்லை. முதலிற் பிள்ளையின் செவியைப் பரிசோதிக்க அரசினர் வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்கிறோம். அவர் இக்கூட்டத்திலே இருக்கிறார். முன்னறையைத் தருவதா இல்லையா என்பதை நிலையத்தின் நிர்வாகசபை இன்றிரவே தீர்மானிக்கலாம். பங்குப் பட்டியலில் முதற்பெயராக எமது பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.