வளர்த்த மண்ணும் வாழும் மண்ணும்



ஒரு தேசம் வாழ்வதற்கு உகந்ததா அன்றா என்பது பற்றி மனிதர் கொள்ளும் அபிப்பிராயம், பெரும்பாலும் அத்தேசத்தின் குணதோஷங்களைச் சீர்தூக்கிப் பார்த்துப் பிறப்பதன்று. பால்யத்தில் ஓடித் திரிந்த மண்ணே பிற்காலத்தில் எல்லா ஊர்களையும் அளக்கும் கோலாக அவர்தம் நெஞ்சில் தங்கிவிடுகிறது. இதை அறிய நாம் வெகுதூரம் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறிய பர்மாத் தமிழரின் சரித்திரமே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐராவதிச் சமவெளியில் நெல் விளைச்சல் பெருகியபோது, நாட்டுக்கோட்டை நகரத்தார் லேவாதேவி செய்யவும், ஏழை எளியவர் வயலிலும் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் உழைக்கவும் கடல் கடந்து சென்றார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசிய பின், லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேற, அவர்களிற் பெரும்பாலோர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே வந்தனர். ஆயினும் யுத்தம் ஓய்ந்ததும் மீண்டும் பர்மாவுக்கே கப்பலேறியவர்கள் இருந்தார்கள். குண்டு விழுந்த ஊருக்கு ஒருவர் விரும்பித் திரும்புவதற்கு ஜீவனோபாயம் ஒரு காரணமாகலாம். அவ்வூரில் வளர்ந்தவருக்கோ அதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு.

1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகண்ணிகள் தேசியமயமாக்கப்பட்டன. ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாமற் போயின. அதன்பின் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களுள், பர்மாவிலேயே பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணாற் கண்டவர்களும் உண்டு. பர்மாவில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை என்று அவர்கள் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1930-இலும் 1938-இலும் ரங்கூனில் இந்தியருக்கு விரோதமாக நிகழ்ந்த கலவரங்கள் அவர்கள் பேச்சில் அருகியே இடம்பெற்றன. இளமை ஞாபகம் நல்லதை முன்னே வைத்து அல்லதைப் பின்னே தள்ளும் சுபாவமுடையது. ஆதலால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்வது அநியாயம்.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை அடுத்த தெருவில், மாலை வேளையில் அத்தோ என்னும் பர்மிய உணவு விற்கும் வண்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெந்த நூடுல்ஸோடு நறுக்கிய கோஸும் வெங்காயமும் சேர்த்து, சிவக்கப் பொரித்த பூண்டும் மிளகாய்த்தூளும் புளித்தண்ணீரும் இட்டு, மொறுமொறுவென்றிருக்கும் பேஜோ என்னும் பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் ஆவி பறக்க வருகிறது. பர்மாவில் வளர்ந்தவர்கள் தங்கள் நாவின் ஏக்கம் தீரவும் வயிற்றுப்பாட்டுக்காகவும் கொண்டுவந்த உணவு அது. இன்று பர்மாவைப் படத்தில்கூடக் காணாத வடசென்னைப் பிள்ளை அதைத் தன் ஊர்ச் சாப்பாடு என்கிறான். தந்தைக்குப் பிரிவின் ருசி, மகனுக்குப் பிறந்தகத்தின் ருசி.

அந்த மகனின் அபிப்பிராயத்தையும் நாம் கேட்கவேண்டும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், எண்ணூரில் அனல்மின் நிலையம் 1970-இலும் இயங்கத் தொடங்கின. அவற்றின் புகைபோக்கிகளை அடிவானமாகக் கண்டு, ஆலைச் சங்கொலியால் பொழுதறிந்து, சாம்பல் படிந்த முற்றத்தில் விளையாடி வளர்ந்தவன் அவன். வெளியூரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தை அவன் வாஞ்சையோடு "எங்க ஏரியா" என்கிறான். இதைக் கேட்டு, இவர்களுக்குப் புகையும் சாம்பலும் பழகிவிட்டன, இன்னும் ஓர் ஆலை வந்தால் என்ன என்று கருதுவோர் உளர். அவர்கள் பற்றைச் சம்மதமாகப் பிழைபடக் கொள்கிறார்கள்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அம்மாத இறுதியில் எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்தது. அதன்பின் நாட்கணக்கில், வாரக்கணக்கில் பந்தலிட்டு அமர்ந்து நியாயம் கேட்டவர்கள், அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த குப்பத்து ஜனங்களே ஆவர். வேறிடம் தேடிப் போவதைக் காட்டிலும் தம் இடத்தைச் செப்பனிட வேண்டும் என்ற உறுதி, வளர்ந்த மண்ணின்மீது கொண்ட பற்றிலிருந்தே அவர்களுக்கு வந்தது.

ஆகையால் இரு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோரின் பர்மா ஞாபகங்களைப் பழங்கதை என்று தள்ளாமல் எழுதி வையுங்கள். ஓர் ஊர் வேறு விதமாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு அவர்களே சாட்சி. அதிகாரத்தில் உள்ளோரே, வடசென்னைக்குத் திட்டம் வகுக்குமுன் இங்கே வளர்ந்தவர்களை அழைத்துக் கேளுங்கள். இவ்வூரில் வாழ்வது பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை முதலில் அவர்களுடையது.