இணையப் பாடமும் நூலின் உரிமையும்

பாப்பாரப்பட்டி என்றதும் நம் மாவட்டத்து மாணவர்க்குச் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருவார். 1913-ஆம் ஆண்டில் 'ஞானபாநு' என்னும் இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டுமென்னும் கனவோடு அவ்வூரில் தங்கி, 1925 ஜூலை 23-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். தருமபுரிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவரைப்பற்றி இணையவழிப் பாடம் ஒன்று அமைக்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிவாவின் கட்டுரைகள் சில, பின்வந்தோர் அவரைப்பற்றி எழுதியவை, ஒரு புகைப்படம், ஒரு பாட்டின் ஒலிப்பதிவு ஆகியவை அவருக்கு வேண்டும். இவற்றுள் எதைக் கேளாமல் எடுக்கலாம்? எதற்கு யாரைக் கேட்க வேண்டும்? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியிட்ட நூலின் உரிமை, அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். சிவாவின் எழுத்து இந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது, எவரும் எடுத்தாளலாம். ஆனால் அண்மையில் ஒருவர் அக்கட்டுரைகளைத் தொகுத்து, முன்னுரையும் குறிப்பும் எழுதிச் சேர்த்திருந்தால், அம்முன்னுரையும் குறிப்பும் தொகுத்தவருக்கே உரியவை. புத்தகத்தை முழுதாகப் படமெடுத்து ஏற்றுகின்றவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவோ இன்னும் சிக்கலானது. பாட்டெழுதியவர், இசையமைத்தவர், பதிவுசெய்த நிறுவனத்தார் என்று தனித்தனி உரிமையாளர் அதற்கு உண்டு.

'கற்பிப்பதற்குக்கூடவா அனுமதி?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் பொருட்டுப் படியெடுப்பதைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்று அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற ஒரு சிறு கடையின்மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பெரும் பதிப்பகத்தார் 2012-இல் வழக்குத் தொடர்ந்தனர். 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். அவ்வாண்டு டிசம்பரில் இருநீதிபதி அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களோடு முடிவதன்று என்று கொண்டது. எடுத்த பகுதி பாடத்துக்குத் தேவையானதா என்பதே அளவுகோல் என்றும் கூறியது. எடுத்தவை அப்படித் தேவையானவைதாமா என்று விசாரிக்க வழக்கு திரும்பவும் கீழே அனுப்பப்பட்டது. ஆனால் 2017-இல் பதிப்பகத்தார் வழக்கையே கைவிட்டுவிட்டனர். மாணவர் பக்கம் கிடைத்த பெரிய வெற்றி அது.

ஆயினும் அவ்விலக்கு படியெடுத்தலைப் பேசுகிறதேயன்றிப் பொதுமக்களுக்குப் பரப்புதலைப் பேசவில்லை. பெயர் பதிந்த அறுபது மாணவர்க்கு மட்டும் கடவுச்சொல்லுடன் திறக்கும் வகுப்பு ஒன்று. உலகத்தார் எவரும் நுழையக்கூடிய 'சுவயம்' போன்ற மேடை மற்றொன்று. முன்னதற்கு விலக்கைச் சான்றாகக் காட்டி வாதிட இடமுண்டு. பின்னதற்கு அனுமதி பெறுவதே தக்கது.

அனுமதி பெறப் பணம் வேண்டுமே என்று அஞ்சுவோர் பலர். தமிழைப் பொறுத்தவரை பணத்தினும் பெரிய இடர், உரிமையாளர் யாரென்று தெரியாமைதான். 1970-இல் மறைந்த ஓர் எழுத்தாளரின் சிறுகதை 2030 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. பதிப்பகம் மூடப்பட்டிருக்கும்; மக்கள் மூவர் மூன்று ஊர்களில் இருப்பார்கள்; உரிமை யாரிடம் என்பது அவர்களுக்கே தெரியாது. இத்தகைய நூல்களுக்காகவே 31அ என்னும் பிரிவு இருக்கிறது. அதன்வழி உரிமம் பெற, முதலில் நாட்டின் பெரும்பகுதியில் பரவிய ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பு வெளியிட்டு, அதன்பின் விண்ணப்பிக்க வேண்டும். பத்துப் பக்கக் கதைக்காக எந்த ஆசிரியர் அதைச் செய்வார்? கதையையே விட்டுவிடுவார். இழப்பு, பென்னாகரத்திலோ வத்தல்மலையிலோ கைப்பேசியே நூலகமாக அமர்ந்திருக்கும் மாணவனுக்கு.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழகம் ஒரு வழி கண்டது. பாரதியார் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை ஒருகாலத்தில் திரைப்பட அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. வானொலியில் பேசும் நான் இதைச் சொல்லாமல் விடலாகாது. 1949-இல் அரசு பாரதி எழுத்துக்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்களுக்கே பொதுவாயிற்று. அதன்பின் எத்தனையோ ஆசிரியர்களின் நூல்கள், மரபுரிமையாளர்க்குத் தொகை அளித்து, நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தன் மின்னூலகத்தில் அந்நூல்களைத் தடையின்றி வைக்க முடிந்தது இதனாலேயே. ஆனால் இவ்வேற்பாட்டில் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது. எளிதில் கிடைப்பதையே நம் ஆசிரியர்கள் பாடமாக்குகிறார்கள். வாழும் எழுத்தாளர்கள் பாடத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரு கடிதம் எழுதும் சோம்பலே இதற்குப் பாதிக் காரணம்.

அக்கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? நூலின் பெயர், பதிப்பாண்டு, எடுக்கும் பக்கங்கள், பாடத்தின் பெயர், பயில்வோர் தொகை, எத்தனை ஆண்டுக்கு வைக்கப்படும், மூடிய வகுப்பா திறந்த மேடையா, கட்டணம் உண்டா இல்லையா, ஆசிரியர் பெயர் எவ்விடத்தில் குறிக்கப்படும் என்பவை. 'தங்கள் நூலைப் பயன்படுத்த விரும்புகிறோம்' என்று மட்டும் எழுதினால் விடை வராது, வந்தாலும் பயன்படாது. எழுத்தாளருக்கு எழுதும்போதே பதிப்பகத்தார்க்கும் எழுதுக. உரிமை ஒப்பந்தப்படி யாரிடமும் இருக்கலாம். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள். விடை வாராவிடில், அந்நூலை உரியவரே இணையத்தில் வைத்திருந்தால் அவ்விடத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம். இல்லையேல் வேறு பகுதியைத் தேடலாம். விடை வந்தால் அதைப் பாடத்தின் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். இன்றைய ஆசிரியர் மாற்றலாகிப் போன பின், அடுத்து வருபவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.