அப்பா என்னும் அரமேயச் சொல்



இந்நகரின் நாகூர் சாலையில் 28-ஆம் எண் கட்டடத்தில் 1929 முதல் யூதர்களின் செபக்கூடம் ஒன்று இருந்தது. பொது வழிபாட்டுக்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் கூடவேண்டும் என்பது அவர்தம் நெறி. அப்பதின்மரைத் திரட்ட இயலாமற்போகவே 1976-இல் அது மூடப்பட்டது. முன்னர் யகூதி சாலை எனப்பட்டு இன்று சைனல் அபிடின் சாலை என வழங்கும் தெருவில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் எஞ்சியுள்ளது. அங்குள்ள பழைமையான கல்லறை 1835-ஆம் ஆண்டினது.

ஆதலால் இன்றைய மாணவர் யூதரைச் சந்திப்பது ஏட்டில் மட்டுமே. கிறித்தவ மாணவராயின் விவிலியத்தில். அங்கோ, குறிப்பாக யோவான் நற்செய்தியில், 'யூதர்' என்னும் சொல் பல இடங்களில் இயேசுவின் எதிரிகளைச் சுட்டி நிற்கிறது. இயேசு ஒருபுறம், யூதர் மறுபுறம் என்ற எண்ணம் இளம் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. அது வரலாற்றுக்கு மாறானது. அதை மறுக்கும் சான்று நாம் அன்றாடம் படிக்கும் தமிழ் விவிலியத்திலேயே உள்ளது.

மாற்கு நற்செய்தியில், கெத்செமனித் தோட்டத்தில் இயேசு இறைவனை அழைக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு மொழிபெயர்ப்பு 'அப்பா, பிதாவே' என்கிறது. மற்றொன்று 'அப்பா, தந்தையே' என்கிறது. உணர்ச்சி மிகுதியால் ஒரே பொருளுடைய இரு தமிழ்ச் சொற்கள் அடுக்கி வந்தன என்று நாம் கடந்துவிடுகிறோம். உண்மையில் அந்த 'அப்பா' தமிழன்று. பாலத்தீன யூதர் வீட்டிலும் வீதியிலும் பேசிய அரமேயம். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அச்சொல்லை மாற்றாமல் வைத்து, பக்கத்தில் கிரேக்கப் பொருளைத் தந்தார். தமிழாக்கியோர் பொருளைப் பெயர்த்து, மூலச்சொல்லை அவ்வாறே விட்டனர். ஒலி ஒத்தது தற்செயல். இதைக்கொண்டு தமிழுக்கும் அரமேயத்துக்கும் உறவுமுறை நாட்டப் புறப்படும் அன்பர்களை வணங்கித் தடுக்கிறேன். அது மழலைச்சொல் என்று விளக்குவாரும் உளர். வளர்ந்த மக்களும் தந்தையை அவ்வாறே அழைத்தனர்.

இதனினும் வியப்பு பவுலடிகளின் மடல்களில் உள்ளது. கலாத்தியருக்கு எழுதும்போதும் உரோமையருக்கு எழுதும்போதும் அவர் இதே சொல்லை ஆள்கிறார். கலாத்தியத் திருச்சபையார் பெரும்பாலும் யூதரல்லாதார், அரமேயம் அறியாதார். எனினும் இறைவனை அச்சொல்லால் அழைத்தனர். வேள்வியில் ஒலிக்கும் 'சுவாகா'வுக்குப் பொருள் கேட்டுவிட்டா நம்மவர் கைகூப்புகின்றனர்? வழிபாட்டுச் சொல் வந்த வழியைத் தன்னுடன் சுமந்து வரும். இச்சொல் வந்த வழி எருசலேம். கொணர்ந்தோர் யூதச் சீடர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் முடிவில் வரும் 'மாரநாதா'வும் அரமேயமே. 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' ஆகியன எபிரேய மரபின.

பெயர்களும் அவ்வாறே. முற்காலக் கத்தோலிக்கத் தமிழர் யோவானை அருளப்பர் என்றனர். யோகனான் என்னும் எபிரேயப் பெயருக்கு 'யாவே அருள்கூர்ந்தார்' என்பது பொருள். அப்பெயரைத் தமிழாக்கியவர் எபிரேயப் பொருளை உணர்ந்தே ஆக்கியிருக்கிறார். இயேசு என்பதன் மூலமான யேசுவாவும் மீட்பைக் குறிக்கும் பெயரே. மத்தேயு நற்செய்தியில் வானதூதர் அப்பெயருக்குக் கூறும் காரணம் எபிரேயச் செவிக்கு மட்டுமே சொல்லணியாக ஒலிக்கும்.

இயேசுவின் சீடர் எருசலேம் கோவிலில் வேண்டிவந்ததைத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. கிறித்தவர் என்ற பெயரே பின்னர் அந்தியோக்கியாவில் எழுந்தது. யூதரல்லாதார் விருத்தசேதனம் செய்துகொள்ளவேண்டுமா என்று ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடி ஆராய்ந்தனர். யூத நெறியைத் தம் நெறியாகக் கொண்டிருந்தோர்க்கன்றி அவ்வினா எழாது.

'பரிசேயர்' என்பதை வேடதாரி என்பதற்கு மறுசொல்லாகவே நம் மேடைகள் ஆக்கிவிட்டன. பவுல் தம்மைப் பரிசேயர் என்றே கூறிக்கொண்டவர். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்பது சதுசேயர் மறுத்த, பரிசேயர் போற்றிய கொள்கை. கிறித்தவத்தின் நடுநாடியான நம்பிக்கை அவர்கள் பக்கத்தது.

மொழிபெயர்ப்பு சில தடயங்களை மறைத்தும் விடுகிறது. யாக்கோபு மடலின் இரண்டாம் அதிகாரத்தில், செல்வனும் வறியவனும் நுழையும் கிறித்தவர் கூட்டத்துக்குக் கிரேக்கத்தில் யூதர்களின் செபக்கூடத்தைக் குறிக்கும் சொல்லே உள்ளது. சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் விவிலியம் நற்செய்திகளில் அதனை 'ஜெப ஆலயம்' என்றும், இங்கு வெறும் 'ஆலயம்' என்றும் தருகிறது. ஒரு சொல் குறைந்தது. ஓர் உறவு மறைந்தது.

இனி யோவானின் 'யூதர்'. கி.பி. 70-இல் கோவில் அழிந்தபின், செபக்கூடத்தாரும் இயேசுவைப் பின்பற்றியோரும் பிரிந்துகொண்டிருந்த காலத்து நூல் அது. பல இடங்களில் அச்சொல் எருசலேம் தலைமையையே சுட்டும். ஒரே வீட்டின் பாகப்பிரிவினைப் பூசலை அயலார் படித்து, ஓர் இனத்தின்மீதே பழியாக்கினர். ஐரோப்பாவில் அதன் விளைவு குருதியில் முடிந்தது. இயேசுவின் சாவுக்கான பழியை அன்றிருந்த எல்லா யூதர்மீதும் இன்றுள்ள யூதர்மீதும் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965-இல்தான். அப்பகுதிகளை வகுப்பில் படிப்பிக்கும் ஆசிரியர், அதே நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தையும் உடன் படிப்பிக்க வேண்டுகிறேன். கிணற்றடியில் தண்ணீர் கேட்ட அயலாரை யூதர் என்று சமாரியப் பெண் அடையாளம் காண்கிறாள். அவர் மறுக்கவில்லை, மீட்பு யூதர்வழியே வருவது என்றும் அவளிடம் கூறுகிறார்.